சீ.ரி.யா (CT), நியூக்ளியர் ஸ்கேனா, பெற் (PET) ஸ்கேனா: அப்பாவின் நெஞ்சு இறுக்கத்துக்கு எதை எடுப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இடையில் வந்து வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 64 வயது. சீனி வருத்தம் 15 வருஷமாக இருக்கிறது. மூன்றாம் மாடிக்குப் படியேறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடுகிறது. ஈசிஜியும் எக்கோவும் சரி. ஒரு டொக்டர் சீ.ரி. அஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னார், இரண்டாவது டொக்டர் நியூக்ளியர் ஸ்கேன் எழுதினார், டொரொன்டோவில் இருக்கும் மாமா "அதெல்லாம் பழசு, பெற் ஸ்கேன் எடுங்கோ" என்கிறார். இதில் எது நல்லது, கதிரியக்க மருந்தை உடம்புக்குள் ஏற்றினால் வீட்டிலிருக்கும் ஒரு வயதுப் பேரனுக்கு ஆபத்தா, எல்லாவற்றையும் ஒரே மிஷினில் எடுக்க ஏலாதா என்பது உங்கள் கேள்வி.

எனக்கு விளங்கியபடி, இரண்டு டொக்டர்மார் இரண்டு விதமாகச் சொன்னதும் யாரோ ஒருவர் பிழை என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் வேண்டாம். ஒருவர் குழாயைப் பார்க்க நினைக்கிறார், மற்றவர் இதயத் தசைக்கு இரத்தம் போய்ச் சேருகிறதா என்று பார்க்க நினைக்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்வி, இரண்டுக்கும் வேறு வேறு மிஷின். உங்கள் அப்பாவுக்கு எந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் வைத்தியம் மாறும் என்பதைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இருதய நிபுணர் இல்லை. கொழும்பில் அணு மருத்துவப் பிரிவில் 17 வருஷமாக ஊசி போட்டு, கமராவில் படுக்க வைத்து, படத்தைச் சரிக்கட்டி எடுத்துக் கொடுக்கிற ஆள். அறிக்கை எழுதுவது டொக்டர்தான். அதோடு அப்பாவின் ஈசிஜியையோ இரத்தப் பரிசோதனையையோ நான் பார்க்கவில்லை, ஆகவே கீழே எழுதுவதை வைத்துக்கொண்டு குளிசை எதையும் நிற்பாட்டவோ கூட்டவோ வேண்டாம். இன்னொன்று: படியேறாமல் சும்மா இருக்கும்போதே நோ வந்தால், கடந்த இரண்டு கிழமைக்குள் அடிக்கடி வரத் தொடங்கியிருந்தால், வியர்த்துக் கொட்டி கால் மணித்தியாலம் தாண்டியும் விடாமல் நின்றால், ஸ்கேன் கதையே வேண்டாம். 1990 அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சீனிக்காரருக்குச் சில நேரம் நோவே தெரியாது, மூச்சு வாங்கல் மட்டும்தான் இருக்கும், அதையும் கவனியுங்கள்.

சரி, இனி விஷயத்துக்கு. காலி வீதியை நினைத்துப் பாருங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் வாகனம் அசையாது. மேலேயிருந்து ஒரு படம் எடுத்தால் அடைப்பு என்றுதான் தெரியும். ஆனால் பாதிப் பேர் மரைன் டிரைவால் சுற்றி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணியும் குடித்திருப்பார்கள். இதயத்திலும் இப்படித்தான். முடியுரு நாடி என்று சொல்லும் அந்தக் குழாய் மெதுமெதுவாக அடைபட்டால் பக்கக் கிளைகள் வளர்ந்து வேறு வழியால் இரத்தம் போகும். சீ.ரி. அஞ்சியோகிராம் எடுத்துத் தருவது வீதியின் படம். நியூக்ளியர் ஸ்கேன் சொல்வது ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பதை.

சீ.ரி.யின் பலம் பெரிது. குழாய்கள் துப்புரவாக இருந்தால் அதை அது சொல்லும்போது நம்பலாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னும் ஒன்று இருக்கிறது: குழாயை அடைக்காமல் சுவரோடு ஒட்டிக்கிடக்கும் கொழுப்புப் படிவையும் அது காட்டும். என் கமராவுக்கு அது தெரியவே தெரியாது, மாரடைப்பு வருவது பல நேரம் இப்படிப் பாதிகூட அடைக்காத படிவு வெடித்துத்தான். ஸ்கொட்லாந்தில் நெஞ்சு நோவோடு வந்த 4146 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2018ல் ஐந்து வருஷக் கணக்கு வெளிவந்தது. வழமையான கவனிப்போடு சீ.ரி.யும் எடுத்தவர்களில் 2.3 வீதமானோருக்கு மாரடைப்போ இதய நோய் மரணமோ ஏற்பட்டது, சீ.ரி. இல்லாதவர்களில் 3.9 வீதம். மிஷினின் கதிர் யாரையும் குணப்படுத்தவில்லை. படிவு இருப்பது கண்ணில் தெரிந்ததால் கொலஸ்ட்ரோல் குளிசையும் அஸ்பிரினும் சரியான ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் காரணம் என்று பெரும்பாலானோர் விளக்குகிறார்கள், எனக்கும் அது சரியாகப் படுகிறது.

ஆனால் உங்கள் அப்பாவுக்கு 64 வயது, 15 வருஷச் சீனி. இப்படிப்பட்டவர்களின் குழாய்ச் சுவரில் கல்சியம் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பது சாதாரணம். சீ.ரி. படத்தில் கல்சியம் வெள்ளையாகப் பூத்து, உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், உள்ளே இருக்கும் துவாரத்தை மறைத்துவிடும். கடைசியில் அறிக்கையில் "அடைப்பு இருக்கலாம், மேலும் பரிசோதிக்கவும்" என்று வரும், நீங்கள் தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள். அயடீன் கலந்த சாய ஊசியும் உண்டு, அதனால் சிறுநீரகத்தின் நிலையை, அதாவது இரத்தத்தில் கிரியேற்றினினை, முதலில் பார்ப்பார்கள். மெட்போர்மின் என்ற சீனிக் குளிசை குடிக்கிறார் என்றால் அதையும் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பை 60 அளவுக்கு இறக்க குளிசை தருவார்கள், நாக்குக்குக் கீழ் ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள். மூச்சைப் பிடித்துச் சில விநாடி, அவ்வளவுதான்.

இனி என் பக்கம். ஈசிஜியும் எக்கோவும் சரியென்றால் பிறகேன் ஸ்கேன் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சும்மா இருக்கும் இதயத்துக்குத் தேவை குறைவு. குழாய் 85 அல்லது 90 வீதம் அடைபடும் வரைக்கும் ஓய்வில் இரத்தம் குறையாது. உழைக்கும்போதுதான் தேவை மூன்று நான்கு மடங்கு ஏறும், அப்போது 50 வீத அடைப்பிலேயே தட்டுப்பாடு தொடங்கிவிடும். 1970களில் கூல்ட் என்பவர் விலங்குகளில் காட்டிய கணக்கு இது, இன்றைக்கும் எங்கள் தொழில் நிற்பது இதன் மேல்தான். உங்கள் அப்பா கிளினிக் கட்டிலில் படுத்திருந்தபோது எடுத்த ஈசிஜி எப்படிப் படிக்கட்டைப் பற்றிச் சொல்லும்?

ஆகவே நாங்கள் இதயத்தை உழைக்க வைக்கிறோம். நடக்கக்கூடியவரை டிரெட்மில்லில் ஏற்றுவோம், முழங்கால் நோக்காரருக்கு டைபிரிடமோல் அல்லது அடினோசின் என்ற மருந்தை ஏற்றிக் குழாயை விரிக்க வைப்போம். உழைப்பு உச்சத்தில் நிற்கும்போது டெக்னீசியம்-99எம் என்ற கதிர்ப் பொருள் கட்டிய மிபி என்ற மருந்தை ஊசியால் கொடுப்போம். அது இரத்தத்தோடு போய் இதயத் தசைக் கலத்துக்குள் நுழைந்து, கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் மைற்றோகொண்ட்ரியாவில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அங்கேயே இருக்கும். இதில் ஒரு வசதி பாருங்கள், ஆளை இறக்கி இளைப்பாற விட்டு முக்கால் மணித்தியாலம் கழித்துப் படம் எடுத்தாலும், படத்தில் தெரிவது ஊசி போட்ட அந்தக் கணத்து இரத்த ஓட்டம்தான். உயிரோடு இல்லாத தசை மருந்தை எடுக்காது, இரத்தம் குறைந்த தசை குறைவாக எடுக்கும். ஓய்விலும் ஒரு ஊசி போட்டு ஒரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

அந்தப் படம் திரையில் எப்படி இருக்கும் தெரியுமா, உழுந்து வடையை அடுக்கி வைத்த மாதிரி. இடது கீழறையைக் குறுக்காக வெட்டினால் நடுவில் துளையோடு ஒரு வளையம், அப்படி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வளையம். மேல் வரிசை உழைப்பு, கீழ் வரிசை ஓய்வு. மேலே ஒரு கடி கடித்த மாதிரிக் குறை இருந்து கீழே முழுசாக இருந்தால், தசை உயிரோடு இருக்கிறது, உழைக்கும்போது மட்டும் பட்டினி. இரண்டிலும் கடி இருந்தால் பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்லுவேன், ஏனென்றால் ஆண்களில் உதரவிதானமும் பெண்களில் மார்பகமும் கதிரை மறித்து இதே மாதிரிப் பொய்க் கடி காட்டும். அதைப் பிரித்தறிய ஆளைக் கவிழ்த்துப் படுக்கவைத்து இன்னொரு தடவை எடுப்போம், சில கமராவில் சீ.ரி.யும் சேர்ந்தே இருக்கும், அது திருத்திக் கொடுக்கும்.

இதைக் கெடுக்க ஒரு கோப்பை தேத்தண்ணி போதும். அடினோசின் வேலை செய்யும் அதே கதவைத்தான் கபீனும் அடைக்கும், குழாய் விரியாது, படம் பொய்யாக நன்றாக இருக்கிறது என்று வரும். முதல் நாளிலிருந்தே தேத்தண்ணி, கோப்பி, கோலா, சொக்லேற் ஒன்றும் வேண்டாம் என்று மூன்று மொழியிலும் அடித்துக் கொடுக்கிறோம். ஒருமுறை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா வந்தார், விரதம் பிடிப்பவர் மாதிரி விடியவே குளித்து விபூதி பூசி. "அம்மா, தேத்தண்ணி குடிச்சனீங்களா?" "ஐயோ இல்லைத் தம்பி, ஒண்டும் குடிக்கேல்ல." கையில் ஊசி ஏற்றக் கனுலா போட்டாயிற்று. மருந்தை இழுக்கப் போகும்போது பக்கத்தில் நின்ற மகள், "வெறுந்தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சவா" என்றாள். அம்மா என்னைக் குற்றவாளியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்: "அது தேத்தண்ணியே தம்பி, பால் விடேல்லையே!" அன்றிலிருந்து நான் வெறுந்தேத்தண்ணி என்று தனியாகச் சொல்லிக் கேட்கிறேன். அவரை அடுத்த கிழமைக்குத் தள்ள வேண்டி வந்தது.

தள்ளுவது எங்களுக்கு விளையாட்டு இல்லை. டெக்னீசியத்தின் அரைவாழ்வு, அதாவது கதிர் பாதியாகக் குறையும் நேரம், 6 மணித்தியாலம், அதை வாங்கி அலுமாரியில் வைக்க முடியாது. மொலிப்டினம்-99 நிரப்பிய ஈயப் பெட்டியொன்று விமானத்தில் வரும், அதற்குள் மொலிப்டினம் சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டிருக்கும், காலையில் உப்புநீரை விட்டுக் கறந்தெடுப்போம். பால் கறக்கிற மாதிரித்தான், தொழிலில் எல்லோரும் பசு என்றுதான் அந்தப் பெட்டியைச் சொல்லுவார்கள். மொலிப்டினத்தின் அரைவாழ்வு 66 மணித்தியாலம், கிழமை முடியும்போது பசு வற்றிவிடும். மொலிப்டினம் வருவது உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பழைய அணு உலைகளிலிருந்து. 2009ல் கனடாவின் சோக் ரிவர் உலை பழுதுபட்டு ஒரு வருஷத்துக்கு மேல் மூடிக்கிடந்தபோது உலகம் முழுக்க ஸ்கேன்கள் தள்ளிப்போயின. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருடைய ஊர்ப் பக்கத்து உலைதான்.

என் ஸ்கேனின் பெரிய ஓட்டையையும் மறைக்கக்கூடாது. இது ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிடுகிற படம். இதயத்தின் மூன்று பெரிய குழாயும் ஒரே அளவுக்கு அடைபட்டிருந்தால் எல்லா இடமும் ஒரே அளவு மங்கலாகி, கடைசியில் வடை முழுசாகத் தெரியும். எனக்கு இன்னும் நினைவிருக்கிற ஒருவர், வங்கியில் வேலை செய்து இளைப்பாறியவர், படம் அழகாக இருந்தது. ஆனால் உழைப்புப் படத்தில் இதய அறை ஓய்வைவிட வீங்கியிருந்தது, டிரெட்மில்லில் பிரஷர் ஏறாமல் இறங்கியது. டொக்டர் அதை விடவில்லை, அஞ்சியோகிராமுக்கு அனுப்பினார், மூன்று குழாயிலும் கடும் அடைப்பு, பைபாஸ் செய்தார்கள். படத்தை மட்டும் பார்த்து நல்லது என்று எழுதுபவரிடம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதில்லை.

மாமா சொன்ன பெற், அதாவது வேறு வகைக் கதிர் மருந்தை வேறு கமராவில் பார்க்கும் ஸ்கேன், இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது, அந்த வகையில் அவர் சொன்னது சரி. இதயத் தசை ஒரு கிராமுக்கு நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் இரத்தம் என்று பெற் எண்ணிச் சொல்லும், உழைப்பில் அது எத்தனை மடங்கு ஏறுகிறது என்றும் சொல்லும். இரண்டு மடங்குக்குக் கீழே இருந்தால் கவலைப்படலாம். காலி வீதி வெறிச்சோடியிருக்க உள் ஒழுங்கைகள் மட்டும் இறுகிப்போன நிலையும் உண்டு, சீனிக்காரரிலும் பெண்களிலும் கூடுதல், பெரிய குழாய் சரி ஆனால் நுண்குழாய்கள் விரிவதில்லை. அதைப் பிடிக்க பெற் கெட்டிக்காரன். கதிரும் குறைவு, படமும் தெளிவு. பிரச்சினை மருந்தில். ருபீடியம்-82க்கு அரைவாழ்வு 76 விநாடி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே அதற்கென்று விலை கூடிய தனிப் பெட்டி நிற்க வேண்டும். நைதரசன்-13 அமோனியாவுக்கு 10 நிமிஷம், அதைத் தயாரிக்கும் சைக்கிளோட்ரோன் என்ற இயந்திரம் அதே கட்டடத்தில் வேண்டும். பொரளைச் சந்தி டிராபிக்கில் ஒரு சிவப்பு விளக்குக்கு நின்றாலே பாதி போய்விடும். புளோரின்-18 கட்டிய புளுர்பிரிடாஸ் என்ற மருந்துக்கு 110 நிமிஷம் இருக்கிறது, தூரத்திலிருந்து கொண்டுவரலாம், அமெரிக்காவில் 2024ல்தான் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் பெற் மிஷின் என்றால் இன்றைக்கும் முதன்மையாகப் புற்றுநோய்க்காரருக்கான வரிசை. டொரொன்டோவில் கைக்கெட்டுவதை இங்கே தேடி அப்பாவை மாதக்கணக்கில் காக்கவைப்பதைவிட, இங்கே தினமும் செய்து பழகிய கைகளில் ஒரு நல்ல மிபி ஸ்கேன் எடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

பேரன் விஷயம். டெக்னீசியம் 24 மணித்தியாலத்தில் நான்கு அரைவாழ்வு கடந்து பதினாறில் ஒரு பங்காகிவிடும், சிறுநீரோடும் மலத்தோடும் போவது வேறு. அன்று இரவு வரைக்கும் பேரனை மடியில் நெடுநேரம் வைத்துக் கொஞ்சாமல் இருந்தால் போதும், ஒரே வீட்டில் இருக்கலாம், ஒன்றாகச் சாப்பிடலாம், தனித் தட்டு தனி அறை ஒன்றும் தேவையில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், கழிவறையை இரண்டு தரம் அடித்து விடட்டும். அப்பாவுக்குச் சேரும் கதிர் ஓய்வும் உழைப்பும் சேர்த்து ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட் (உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வருகிறது, ஆக நான்கு வருஷத்துக்கானது ஒரே நாளில். புதிய சீ.ரி. மிஷினில் 2 முதல் 5 வரை, பழையதில் கூடும். தாலியம் என்ற வேறு கதிர் மருந்தை வைத்துச் செய்யும் பழைய முறையென்றால் மிபியைவிட இரட்டிப்பாகலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய அளவில் புற்றுநோய் கூடுமா என்பதை யாரும் நேராக எண்ணிக் காட்டவில்லை. பெரிய அளவுகளில் கண்டதைக் கீழ்நோக்கிக் கோடு கீறி, கொஞ்சம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு நடக்கிறோம். 64 வயதில் நெஞ்சு இறுக்கத்தோடு இருப்பவருக்கு அந்தக் கொஞ்சம் பொருட்டில்லை, 28 வயதுப் பெண்ணுக்கு நான் வேறு மாதிரிச் சொல்லுவேன். அப்புறம், அடுத்த சில நாளில் கட்டுநாயக்கவால் பறக்கிற திட்டம் இருந்தால் எங்களிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையக் கதிர்மானிகள் சிலவற்றுக்கு மூக்குக் கூர்மை அதிகம்.

ஒரே மிஷினில் எல்லாம் ஏலாதா என்றீர்கள். சீ.ரி.யும் கமராவும் ஒட்டிய மிஷின்கள் உண்டு, ஆனால் மிஷினை ஒட்டுவதைவிட விடைகளை ஒட்டுவதுதான் பெரிய வேலை. உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும் இரண்டு உதாரணம் சொல்லுகிறேன், ஏனென்றால் மூலக்கூறு அளவில் பார்ப்பது என்றால் என்ன என்பது இவற்றில்தான் விளங்கும். முதலாவது, எழுபது தாண்டியவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குகிறது, எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறது. பிரஷரால் என்று பல வருஷம் மருந்து கொடுத்திருப்பார்கள். சிலரில் உண்மை வேறு: டிரான்ஸ்தைரெற்றின் என்ற புரதம் பிழையாக மடிந்து இதயத் தசைக்குள் படிந்திருக்கும், அமிலோயிட் என்பார்கள். இரண்டு கையிலும் பல வருஷத்துக்கு முன்பே விரல் விறைத்து மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்த கதை இருந்தால் சந்தேகம் கூடும். எலும்பில் போய் ஒட்டுகிற பைரோபொஸ்பேட் என்ற பழைய மருந்தை ஊசியில் கொடுத்து மூன்று மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், விலா எலும்புக்குச் சமமாகவோ அதைவிடக் கூடவோ இதயம் பளிச்சென்று தெரியும். 2016லிருந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் இன்னொரு வகைப் புரதம் இல்லை என்று நிச்சயித்துக்கொண்டால், இதயத்தில் ஊசி குத்திச் சதை எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த "நிச்சயித்துக்கொண்டால்" மிக முக்கியம். அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யாமல் ஸ்கேனை மட்டும் நம்பினால் உடனே கீமோதெரபி தேவைப்படும் வேறொரு நோயைத் தவறவிடலாம். டபாமிடிஸ் என்ற மருந்து 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, படிவதை மெதுவாக்குகிறது, விலையைக் கேட்டால் நமக்கு வேறு நெஞ்சு நோ வரும்.

இரண்டாவது உதாரணத்தில் மருந்து ஒன்றுதான், சாப்பாடு தலைகீழ். எப்.டி.ஜி. என்பது கதிர் கட்டிய சீனி. இதயத்தில் சார்கொயிட் என்ற அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், நல்ல இதயத் தசை சீனியைத் தொடாமல் கொழுப்பையே எரிக்க வேண்டும், அப்போதுதான் சீனிக்கு ஆலாய்ப் பறக்கும் அழற்சிக் கலங்கள் மட்டும் தெரியும். அதற்காக முதல் நாள் சோறு, பாண், இடியப்பம், பருப்பு, பழம் ஒன்றும் கிடையாது, முட்டைப் பொரியலும் பொரித்த மீனும்தான், பிறகு இரவு முழுக்கப் பட்டினி. நம் சனத்துக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை. இதயம் முழுக்க மின்குமிழ் மாதிரி எரிந்த ஒரு படத்தோடு நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, அந்த ஐயா சாவகாசமாகச் சொன்னார், "சீனி ஒண்டும் சேர்க்கேல்ல, பனங்கட்டிதான் ஒரு சின்னக் கடி." அதுவே மாரடைப்புக்குப் பிறகு அசையாமல் கிடக்கும் தசை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் எதிர்மாறு, குளுக்கோசையும் தேவைப்பட்டால் இன்சுலினையும் கொடுத்துத் தசையைச் சீனி தின்ன வைப்போம். சீனி வருத்தக்காரரில் இரண்டுமே கஷ்டம், அதனால் உங்கள் அப்பாவுக்கு என்றைக்காவது இது எழுதினால் எத்தனை மணிக்கு என்ன மருந்து என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

உயிரோடு இருக்கும் தசைக்கு இரத்தத்தைத் திறந்துவிட்டால் ஆள் பிழைப்பார் என்பது கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானும் பல வருஷம் அப்படியே நம்பியிருந்தேன். 2022ல் பிரித்தானியாவில் இதயம் மிகப் பலவீனமான, உயிருள்ள தசை இருப்பது காட்டப்பட்ட 700 பேரில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்துவைக்கும் சின்ன வலைக்குழாய்) போட்டவர்களையும் மருந்து மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். மரணத்திலும் வைத்தியசாலை அனுமதியிலும் வித்தியாசம் இல்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்னர், உழைப்பில் நன்றாகவே இரத்தம் குறைவதாகச் சோதனையில் தெரிந்த 5179 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் இதே மாதிரித்தான், முதலிலேயே அஞ்சியோகிராம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று போனவர்களுக்கு நோ குறைந்தது, ஆனால் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. எங்கள் படத்தில் கடி தெரிந்தால் உடனே ஸ்டென்ட் என்று இப்போது யாரும் சொல்ல ஏலாது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள், இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதைக் கண்டுபிடித்து விலக்கப் பெரும்பாலானோரில் பயன்பட்டது சீ.ரி. தான். வீதிப் படமும் வேண்டும், வீடு சேர்ந்த கணக்கும் வேண்டும் என்பது இப்படித்தான் வந்து நிற்கிறது. படிவு எப்போது வெடிக்கும் என்று சோடியம் புளோரைட் பெற் மூலம் முன்கூட்டியே சொல்வது, மாரடைப்புக்குப் பிறகு தழும்பு எப்படி உருவாகிறது என்று புதிய மருந்துகளால் பார்ப்பது எல்லாம் ஆர்வமூட்டும் வேலைகள்தான், இன்றைக்கு உங்கள் அப்பாவின் குளிசையை மாற்றும் நிலைக்கு அவை வரவில்லை. யாராவது தனியார் இடத்தில் அப்படி ஏதாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஆக அப்பாவுக்கு? நெஞ்சு இறுக்கம் உழைப்பில் வருகிறது, நின்றால் போகிறது, வயதும் சீனியும் சேர்ந்திருக்கிறது, ஆகவே குழாயில் ஏதோ இருக்கிறது என்று ஸ்கேன் எடுக்காமலே ஊகிக்கலாம். அடைப்பு இருக்கிறதா என்ற கேள்வியைவிட எவ்வளவு தசை பட்டினி கிடக்கிறது என்ற கேள்விதான் அவருக்குப் பெறுமதி என்று நினைக்கிறேன், கல்சியத்தையும் சிறுநீரகத்தையும் யோசித்தால் இரண்டாவது டொக்டர் பக்கம்தான் நான் சாய்வேன். என் தொழில் என்பதால் சாய்கிறேன் என்றும் நீங்கள் சொல்லலாம், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். அவருக்கு 45 வயது, சீனி இல்லை, நோவும் அப்படியும் இப்படியுமாக இருந்திருந்தால் யோசிக்காமல் சீ.ரி. என்றிருப்பேன். பத்து அடி நடக்கவே இறுகுகிறது என்றால் இரண்டையும் விட்டுவிட்டு நேராகக் கைவழியாகவோ தொடைவழியாகவோ செய்யும் அஞ்சியோகிராம்தான். இரண்டு ஸ்கேனையும் ஒரே கிழமையில் முற்பதிவு செய்துவிடாதீர்கள், ஒன்றின் விடையைப் பார்த்தபிறகு மற்றது தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள். எதை எடுத்தாலும், இந்த அறிக்கை இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

நியூக்ளியர் ஸ்கேன் என்று முடிவானால், வரும்போது குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவாருங்கள். அட்டனோலோல், பிசோப்ரோலோல் மாதிரித் துடிப்பைக் குறைக்கும் குளிசையை நிற்பாட்ட வேண்டுமா என்பதை எழுதிய டொக்டரிடமே கேளுங்கள், நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், அடினோசின் வகை அவருக்கு ஆகாது, வேறு மருந்து இருக்கிறது. பட்டினியில் சீனி இறங்கிவிடும், காலை இன்சுலினைப் பற்றியும் கேளுங்கள். கையில் பால் பக்கெட் ஒன்றும் முட்டை ரோல்ஸ் ஒன்றும் இருக்கட்டும், ஊசிக்குப் பிறகு கொஞ்சம் கொழுப்பாகச் சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கி ஈரலில் தேங்கிய மருந்து இறங்கும், இதயத்தின் கீழ்ச்சுவர் தெளிவாகத் தெரியும். கிரியேற்றினின் எவ்வளவு, முட்டு இருக்கிறதா, எத்தனை படியில் இறுகத் தொடங்குகிறது என்று இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள், நாளை இரவு வேலை முடிந்து வந்து பார்க்கிறேன்.